ஒப்புகைச் சீட்டு இல்லாத மனுக்கள்

ஆலங்குடி என்று கைப்பேசியில் தேடினால் திருவாரூர் மாவட்டத்துக் குரு கோயில்தான் முதலில் வந்து நிற்கும். அது வேறு ஆலங்குடி. புதுக்கோட்டையிலிருந்து கீரமங்கலம் பக்கம் போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டரில் வருகிற இந்த ஆலங்குடிக்கும் நாமபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஆனால் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் இங்கே வருவது பெரும்பாலும் தாலுகா ஆபீஸுக்கு. சமஸ்தானக் காலத்தில் புதுக்கோட்டைக்கு மொத்தமே மூன்று தாலுகாக்கள்: குளத்தூர், திருமயம், ஆலங்குடி. பட்டா, வாய்க்கால் தகராறு, வரி என்று எதற்கும் அதிகாரியைப் பார்க்க இந்த ஊருக்குத்தான் வந்தாக வேண்டும். 1902இல் சமஸ்தானத்தில் ஒரு பிரதிநிதித்துவ சபை ஏற்பட்டது, 1924இல் சட்டசபை. அதிகாரம் அதிகம் இல்லாத சபைகள்தாம். என்றாலும் குடிகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டதாகக் காட்டவாவது ஓர் இடம் வேண்டும் என்று அந்த அரசுக்குத் தோன்றியிருக்கிறது.

சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தது. மனு எழுதும் பழக்கம் மட்டும் போகவில்லை. விடுநர், பெறுநர், பொருள், 'ஐயா, வணக்கம்', கடைசியில் 'இப்படிக்கு'. தாலுகா ஆபீஸ் வாசலில் இந்தச் சட்டகத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் மனு எழுதுபவர்கள் எப்போதும் உண்டு. ஜமாபந்தி நாளில் அவர்களுக்குக் கை ஓயாது. சொல்ல வந்தவர் பத்து நிமிஷம் குமுறுவார்; எழுதுபவர் அதை நாலு வரியாக்குவார். அந்தச் சுருக்கலில் பாதி வலி போய்விடும் என்பது உண்மை. ஆனால் பெறுநர் யார் என்பதில் ஒருபோதும் குழப்பம் வராது. தாசில்தார், கோட்டாட்சியர், கலெக்டர், அதற்கும் மேலே போனால் முதலமைச்சரின் தனிப்பிரிவு. கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு உண்டு. காரியம் நடக்காவிட்டாலும், 'போன வருஷமே கொடுத்தேன், இதோ பாருங்கள்' என்று அடுத்த ஜமாபந்தியில் நீட்டுவதற்கு ஒரு காகிதமாவது மிஞ்சும்.

1991இல் இந்த மாவட்டத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். பெண்கள் சைக்கிள் பழகிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள், அது சொல்லத்தக்கதுதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கைநாட்டு கையெழுத்தாக மாறியது. அதுவரை மனுவின் அடியில் கட்டைவிரலை மட்டும் பதித்தவர், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் பார்க்கத் தொடங்கினார். எழுதியவர் எதை விட்டுவிட்டார் என்று கேட்கும் நிலை அப்போதுதான் வந்தது.

கைப்பேசி இந்த மனு உலகத்துக்குள் நுழைந்த ஆண்டைச் சொல்லச் சொன்னால் நான் 2017 என்பேன். அந்த ஜனவரியில்தான் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் திரண்டு ஓய்ந்திருந்தது. பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவை சிறு எண்ணெய், எரிவாயு வயல்களுக்கான 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு ஒப்புதல் தந்தது. அதில் ஒன்று ஆலங்குடி தாலுகாவில் உள்ள நெடுவாசல். மறுநாளே அதை எதிர்த்து அங்கே ஜனம் போராட உட்கார்ந்துவிட்டது. உள்ளாட்சிப் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துபோயிருந்ததால், முன்னால் நிற்க ஊராட்சித் தலைவர் என்று எந்த ஊரிலும் ஒருவர் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பெருமளவு நிரப்பியது கையில் இருந்த போன். வடகாட்டிலும் புள்ளான்விடுதியிலும் என்ன நடக்கிறது என்பதை மறுநாள் பேப்பருக்குக் காத்திராமல் அன்றைக்கே ஊர் பார்த்தது. மாமரமும் பலாவும் தென்னையும் நிற்கிற செம்மண் எப்படி இருக்கும் என்று சென்னையும் வெளிநாட்டுத் தமிழர்களும் அந்தச் சின்னத் திரையில்தான் கண்டார்கள். திட்டம் நடக்கவில்லை. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் திருவரங்குளம், கறம்பக்குடி உள்பட இந்த மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்கள் சேர்க்கப்பட்டன.

அந்தப் போராட்டத்தில் எதிராளி யார் என்று ஊருக்குத் தெரியும். பெறுநர் யார் என்றும் தெரியும். ஆனால் போராட்டச் செய்தியைச் சுமந்து போன வாட்ஸ்அப்புக்கும் பேஸ்புக்குக்கும் யார் விதி எழுதுகிறார்கள், அந்த விதியைப் பற்றி ஊரார் ஏதாவது சொல்ல நினைத்தால் யாருக்கு எழுதுவது? அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் படவில்லை.

கேட்டவர்கள் வேறு இடங்களில் இருந்தார்கள். 2015 மார்ச் 27 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. நூறு பக்கத்துக்கு மேல், 20 கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்தில். வாட்ஸ்அப், ஸ்கைப் போன்றவற்றுக்குத் தனி உரிமம் வேண்டுமா, தனிக் கட்டணம் போடலாமா என்பது சாரம். தன்னார்வலர்கள் சிலர் கேள்விகளை எளிமையாக்கி, பதில்களையும் எழுதி வைத்து ஓர் இணையதளம் திறந்தார்கள். சில வாரங்களில் பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. டிராய் அத்தனையையும் அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு அப்படியே இணையத்தில் போட்டுவிட்டது. இணைய உரிமைக்காக எழுதியவர்களின் முகவரிகளை விளம்பரக்காரர்களுக்குத் தாரைவார்த்த மாதிரி ஆயிற்று. எரிச்சலான காரியம்தான். ஆனாலும் யார் என்ன சொன்னார் என்பது நாட்டுக்குத் தெரிந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் பேஸ்புக் தன் பக்கத்தில் ஒரு பொத்தானை வைத்தது. அழுத்தினால், சில இணையதளங்களை மட்டும் இலவசமாகத் தரும் அதன் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்தை ஆதரித்து டிராய்க்கு உங்கள் பெயரில் மடல் போகும். ஏறத்தாழ 19 லட்சம் மடல்கள் அப்படி ஆதரவாகப் போயின. டிராய் அதற்கு மசியவில்லை. கேட்ட கேள்விக்கு இவை பதிலே சொல்லவில்லை, தலை எண்ணுவதற்காக நாங்கள் கருத்துக் கேட்கவில்லை என்ற தொனியில் பதில் எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று, இணையத்தில் ஒன்றுக்கு ஒரு விலை இன்னொன்றுக்கு வேறு விலை என்று வசூலிக்கக் கூடாது என உத்தரவு போட்டது. பத்தாண்டு கடந்தும், ஒழுங்குமுறை என்றால் இப்படிக் கேட்க வேண்டும், இப்படி முடிவெடுக்க வேண்டும் என்று நான் எடுத்துக்காட்டுவது இதைத்தான். டிராய் இன்றும் வரும் கருத்துகளை வெளியிடுகிறது. அவற்றுக்கு எதிர்க்கருத்து சொல்லவும் நாள் தருகிறது. அதே டெல்லியில் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் வழக்கம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆலங்குடிப் பக்கத்துக்குக் கைப்பேசியின் இன்னொரு முகம் தெரிந்தது 2019 ஏப்ரலில். மக்களவைத் தேர்தல் நேரம். இதே மாவட்டத்துப் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் பரவி, காவல் நிலையம் முற்றுகை, கல்வீச்சு, 144 தடை உத்தரவு வரை போனது. நெடுவாசலின் மண்ணை உலகுக்குக் காட்டிய அதே செயலிதான். அதே மாதம் 3ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக் செயலியைத் தடை செய்யச் சொல்லி இடைக்கால உத்தரவிட்டது. ஒரு வழக்கறிஞர் போட்ட பொதுநல மனுவின் பேரில். புதுக்கோட்டை மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளைதான். ஆக இந்தப் பக்கத்து ஆள் எவரும் போட்டிருக்கக்கூடிய மனு. ஏப்ரல் 24 அன்று, இருதரப்பும் கேட்டு, நிபந்தனைகளோடு தடை நீங்கியது. மறு ஆண்டு ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கையும் மற்றும் 58 செயலிகளையும் தடுத்தபோது முன்கூட்டி யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. வயலில் நின்று வீடியோ போட்டுக்கொண்டிருந்தவர்களின் கணக்கெல்லாம் ஒரே இரவில் போயிற்று. சீன எல்லையில் சண்டை, அவசரம், சரி. ஆனால் ஒரு வழக்கறிஞரின் மனுவுக்கு மூன்று வாரத்தில் இருதரப்பு விசாரணை கிடைத்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சமூக ஊடக விதிகளுக்கான வரைவு 2018 டிசம்பரில் வந்தது. கருத்துக் கேட்டார்கள், நிறையப் பேர் எழுதினார்கள், அமைச்சகம் அவற்றை வெளியிட்டது, எதிர்க்கருத்தும் கேட்டது. அந்த மட்டில் பாராட்டலாம். பிறகு இரண்டு வருஷம் சத்தமில்லை. 2021 பிப்ரவரி 25 அன்று விதி வெளியானபோது, இணையச் செய்தித் தளங்களையும் ஓடிடி தளங்களையும் கட்டுப்படுத்தும் ஒரு முழுப் பாகம் அதில் புதிதாக இருந்தது. 2018 வரைவில் அதன் வாசனையே கிடையாது. யாருக்கும் காட்டாத பாகத்துக்கு யார் கருத்துச் சொல்லியிருக்க முடியும்? பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் செய்தி நிறுவனங்களும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

மொழிச் சிக்கலைச் சொல்ல ஒரு சுற்றுச்சூழல் கதை வேண்டியிருக்கிறது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தது. நெடுவாசலைப் பார்த்த ஊருக்கு இதன் முக்கியத்துவம் சொல்லித்தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் போதாது, எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று சொன்னது. அரசு அதை எதிர்த்து மேலே போனது. இதற்கிடையே அமைச்சருக்கு மின்னஞ்சல் அனுப்ப வழி செய்திருந்த இளைஞர்களின் இணையதளம் ஒன்று முடக்கப்பட்டது. டெல்லி காவல்துறை அனுப்பிய நோட்டீஸில் முதலில் இருந்தது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான உபா. பிழையாகப் போய்விட்டது என்று பிறகு திரும்பப் பெற்றார்கள். தாலுகா ஆபீஸில் கூட்டமாக வந்து மனு கொடுத்தால் முறைக்கத்தான் செய்வார்கள். ஆனால் மனு எழுதுபவரின் மேசையைத் தூக்கிக்கொண்டு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இனி ரம்மி. தமிழ்நாட்டு ஜனங்கள் இணையத்தளங்களைப் பற்றிப் பெருவாரியாகத் தங்கள் அரசுக்குக் கருத்து எழுதிய ஒரு விஷயம் இதுதான். இதில் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு நேரடித் தொடர்பும் உண்டு: சட்டத்தை முன்னின்று நடத்திய அப்போதைய சட்ட அமைச்சர் எஸ். ரகுபதி, பக்கத்துத் திருமயம் தொகுதிக்காரர்.

ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டுத் தற்கொலைகள் தொடர்ந்ததால் 2020 நவம்பரில் அதிமுக அரசு அவசரச் சட்டம் போட்டது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. திறமை விளையாட்டையும் அதிர்ஷ்ட விளையாட்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டீர்கள் என்பது காரணம். திமுக அரசு 2022 ஜூனில் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. தற்கொலைத் தடுப்பில் நெடுங்காலம் பணியாற்றிவரும் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இருந்தார். குழு அதே மாதத்தில் அறிக்கை கொடுத்தது. ஆசிரியர்களிடம் கருத்தறிந்தார்கள், இந்த விளையாட்டுகள் மாணவர்களின் கவனத்தையும் எழுத்தையும் கெடுக்கின்றன என்று வகுப்பறையிலிருந்தே சாட்சி வந்தது. பொதுமக்கள், பெற்றோர், நிறுவனங்கள் எல்லோரும் மின்னஞ்சலில் எழுதலாம் என்று உள்துறை அறிவித்தது. வந்தவை 10,735. தடை வேண்டும் என்றவை 10,708. வேண்டாம் என்றவை 27.

இந்த எண்ணிக்கையை அரசு பலமுறை பெருமையாகச் சொன்னது. எனக்கு அதில் ஒரு சங்கடம். பேஸ்புக் 2015இல் செய்ததும் எண்ணிக்கையைக் காட்டிப் பேசியதுதானே? 10,708 மடல்களில் கடனுக்கு வீட்டை விற்ற கதை எத்தனை, மகனைப் பறிகொடுத்த தாயின் மடல் எத்தனை, 'தடை செய்க' என்ற ஒற்றை வரி எத்தனை என்று வெளியில் எவரும் பார்க்கவில்லை. அந்த 27 பேர் சொன்ன நியாயம் என்ன என்றும் தெரியாது. சூதாட்டக் கம்பெனியின் ஆட்களாகவே இருக்கட்டும். நீதிமன்றத்தில் அரசு பிறகு சந்தித்த வாதத்தின் முன்மாதிரி அங்கேயே இருந்திருக்கலாம். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் மாதக்கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மார்ச் 23 அன்று மறுபடி நிறைவேற்றினார்கள், ஏப்ரல் 7 அன்று ஒப்புதல் வந்தது. நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மி, போக்கர் இரண்டும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்ற பகுதியை மட்டும் வெட்டியது. எதைத் தடுக்கச் சொல்லிப் பத்தாயிரம் பேர் எழுதினார்களோ, அதுவே வெளியே போயிற்று. மாநில அரசு உண்டாக்கிய ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை விளையாடக் கூடாது, ஆதார் வழியாக ஆளைச் சரிபார்க்க வேண்டும் என்று விதி வகுத்தது. ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது.

இரண்டரை மாதம்தான். 2025 ஆகஸ்ட் 20 அன்று மத்திய அரசு ஒரு மசோதாவை மக்களவையில் வைத்தது. பணம் வைத்து ஆடும் எல்லா இணைய விளையாட்டுக்கும் தடை, திறமையோ அதிர்ஷ்டமோ எதுவாயினும். அன்றே மக்களவையில் நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை. அதற்கு மறுநாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல். தமிழ்நாடு குழு போட்டு, மடல் வாங்கி, ஆளுநரோடு இழுத்து, நீதிமன்றத்தில் பாதியைத் தோற்றுப் போராடிய காரியம் மூன்று நாளில் முடிந்தது. வரைவு வரவில்லை, கருத்துக் கேட்பு இல்லை. கேட்டவர்கள் கேட்டது கேட்காமலேயே கிடைத்தது. ரம்மிக்கு ஆளைப் பறிகொடுத்த குடும்பத்திடம் போய் 'நடைமுறை சரியில்லை' என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் இதே வேகத்தில் நாளைக்கு நாம் விரும்பாத ஒன்றும் வரலாம் என்பதை அந்தக் குடும்பமும் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படி ஒன்று வேறு பாதையில் வந்தே விட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் வரைவு விதிகள் 2025 ஜனவரி 3 அன்று வெளியாயின. கருத்துகளை ஓர் அரசுத் தளத்தில் பதியலாம். ஆனால் வரும் கருத்துகளை அமைச்சகம் நம்பிக்கையின் பேரில் தன்னிடமே வைத்துக்கொள்ளும், எந்தக் கட்டத்திலும் யாருக்கும் வெளியிடாது. சென்னை உள்பட ஏழு நகரங்களில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. ஆலங்குடியிலிருந்து சென்னை ஏறக்குறைய 400 கிலோமீட்டர். மொத்தம் 6,915 கருத்துகள் வந்தன என்று நவம்பரில் விதிகளை வெளியிட்டபோது அரசு சொன்னது. எவர் என்ன சொன்னார், எது ஏற்கப்பட்டது என்பது உள்ளேயே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நிறுவனங்கள் உங்களிடம் சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்பட எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

இதே சட்டத்தின் 44(3)ஆம் பிரிவு தகவல் உரிமைச் சட்டத்தில் கை வைத்தது. தனிநபர் தகவல் என்றால் தர மறுக்கலாம். முன்பிருந்த 'பொதுநலன் இருந்தால் தரலாம்' என்ற வாசகம் அந்தப் பிரிவிலிருந்து போய்விட்டது. நூறு நாள் வேலையில் யார் பெயரில் சம்பளம் ஏறியது, வீடு கட்டும் திட்டத்தில் யார் பயனாளி என்று கேட்டு ஊழலைப் பிடித்தவர்கள் இனி எந்தப் பட்டியலைக் கேட்டாலும் 'தனிநபர் தகவல்' என்ற பதில் வரலாம். நம் தரவைச் சேர்க்கும் கம்பெனிகளைக் கட்டுப்படுத்த வந்த சட்டம், ஊராட்சிக் கணக்கைக் கேட்பவரின் கையையும் கட்டுகிறது. கிராமத்தில் இதைப் பற்றி முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சட்ட மொழி தெரியாதவர்கள்கூட இந்த இடத்தில் விரலை வைத்திருப்பார்கள்.

கேட்கக்கூடிய இடம் என்ன நிலையில் இருந்தது? ஆலங்குடி பேரூராட்சி, ஆகவே கிராம சபை கிடையாது. நெடுவாசலுக்கும் வடகாட்டுக்கும் கொத்தமங்கலத்துக்கும் உண்டு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. டெல்லியில் தரவு விதிகளின் வரைவு வெளியான இரண்டாம் நாள். அதிலிருந்து தனி அலுவலர்கள். பழைய முறை பழுதில்லாதது என்று சொல்ல வரவில்லை. நெடுவாசல் சமயத்திலும் தலைவர்கள் இல்லை என்பதை மேலேயே சொன்னேன்.

இன்று ஒருவரின் பேஸ்புக் கணக்கை யாரோ திருடி, அவர் பெயரில் பணம் கேட்டால் என்ன செய்கிறார்? கடன் செயலிக்காரன் படத்தைத் திரித்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினால்? விவரம் தெரிந்தவர் 1930க்கு அழைக்கிறார். மற்றவர் வெள்ளைத்தாளில் மனு எழுதி எஸ்.பி. ஆபீஸுக்கோ திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கோ போகிறார். கலெக்டரால் அந்தக் கம்பெனியை ஒன்றும் செய்ய முடியாது என்று அவருக்கும் தெரியும்தான். சீட்டாவது கிடைக்கிறதே. இத்தனைக்கும் 2021 விதிப்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைக்க வேண்டும். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், 7 நாளில் தீர்க்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் இணையம் வழியாகவே போகலாம். 2023 மார்ச் முதல் அது நடக்கிறது. மனு எழுதிக் கொடுப்பவர்களும் இ-சேவை மையத்துப் பிள்ளைகளும் இதைப் பழகிவிட்டால் நல்லது. நிறுவனத்துக்கு இந்தக் கெடுவை விதித்த அதே அமைச்சகம், தன் வரைவுகளுக்கு எழுதுபவருக்கு அத்தகைய கெடு எதையும் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

செய்ய முடியாத காரியம் ஒன்றையும் கேட்கவில்லை. கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஒவ்வொரு முறையும் என்னென்ன பேச வேண்டும் என்று பொருள் பட்டியல் மேலிருந்து வரத்தான் செய்கிறது. கொசு ஒழிப்பிலிருந்து குடிநீர் வரை அதில் இருக்கும். அந்த நேரத்தில் டெல்லியிலோ சென்னையிலோ கருத்துக் கேட்பில் இருக்கும் இணைய விதி எதுவோ, அதைத் தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கி அந்தப் பட்டியலோடு அனுப்பலாம். கூட்டுவது தலைவரானாலும் தனி அலுவலரானாலும் சரி. யாரோ இரண்டு பேர்தான் பேசுவார்கள். அவர்கள் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் பதிவாகும். பதிவானதன் நகலை எந்தப் பெறுநருக்கு அனுப்புவது என்று அந்த ஒரு பக்கத்திலேயே அச்சிட்டுவிடலாம்.